ஒரு ரிங்கட்டும் கட்டிப்பாலும்

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. கல்முனையில் 'கைத்தொலைபேசி நாகரிகம்' பற்றி ஒரு கூட்டம். யுத்தம் முடிந்த ஆண்டு. ஆளாளுக்குக் கூட்டம் போட ஆசை வந்திருந்த ஆண்டு. பேசியவர் கனகசபாபதி, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நாலு பேர் இருக்கும் இடத்தில் எப்படி மெதுவாகக் கதைக்க வேண்டும் என்பதை ஒலிவாங்கி அதிரக் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் அவருடைய சட்டைப்பையிலேயே போன் அலறி—

(வேண்டாம். உண்மையிலேயே அலறியதுதான், ஆனாலும் வேண்டாம். இந்தப் பகிடியை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.)

கொட்டாவியை மறைக்கப் பின்னால் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு பெண். அவளுடைய கைப்பைக்குள் போன் ஒரே ஒரு தடவை அடித்து அடங்கியது. அவள் எடுக்கவில்லை, யாரென்று பார்க்கவும் இல்லை. வெயிலில் காய்ந்த தலையணையில் முகம் புதைத்தவள்போலக் கண்ணை மூடிச் சிரித்தாள். மேடையிலிருந்த நாகரிகம் முழுவதும் அந்தச் சிரிப்பின் கால்தூசு பெறாது.

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக இருந்தது.' வெட்டிவிட்டேன். எங்கள் கரையில் ஒரு கதை இப்படித் தொடங்கினால், யார் யார் சாகப்போகிறார்கள் என்று வாசகர் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறார்.

இரண்டாம் தொடக்கம்: 'நவீன மனிதனின் கவனம் என்பது விளம்பரதாரர்களின் வேட்டைக்காடாக…' இதை எழுதியவன் நானல்ல, எனக்குள் குடியிருக்கும் கனகசபாபதி.

மூன்றாம் தொடக்கம்: 'அடுப்பில் மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது.' இது இருக்கட்டும். மணக்கிறது.

3

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆகிலா என்று வைக்கிறேன். பாலமுனையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடும் கொடுக்கிறேன். சுனாமி அவளுடைய தங்கை உம்முவைக் கொண்டுபோன நாளிலிருந்து ஆகிலா கரைப் பக்கம் போனதில்லை. ஆனால் புருசன் ஆதம்பாவா படகுக்காரன். கடலைப் பார்க்காமல் கடற்காரனோடு வாழ ஒரு வழி வேண்டுமே. அந்த வழிதான் ரிங்கட்.

"சிக்னலுக்குள்ள வந்தோண்ண ஒரு அடி அடிச்சிட்டு வெட்டுவன். எடுத்துராத புள்ள, சல்லி போயிரும்."

"எடுத்தா என்ன? ஒரு சலாம் சொன்னா தேஞ்சா போயிருவீங்க?"

"சலாத்த ஊட்ட வந்து சொல்றன். நீ கறிய முடி."

இதுதான் ஏற்பாடு. சுபஹுத் தொழுகை முடிந்ததும் மீனையும் புளியையும் தேங்காயின் தண்ணிப்பாலில் ஏற்றி, அடுப்பைத் தணித்து வைப்பாள். கட்டிப்பால் கிண்ணத்தில் காத்திருக்கும். போன் ஒரு அடி அடிக்கும். பால் சட்டிக்குள் போகும். கறி பதமாகி இறங்கும்போது ஆதம்பாவா படலையைத் திறப்பான். அந்தப் போனின் திரை சோற்றுப்பானை ஆவியில் எப்போதோ குருடாகிவிட்டது. யார் அழைப்பது என்று தெரியாது. அவனைத் தவிர யாரும் அழைப்பதில்லை என்பதால் தெரியவும் தேவையில்லை.

எடுக்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. இதைக் கனகசபாபதியிடம் சொன்னால் இன்னொரு கூட்டம் போடுவார்.

4

அப்போதுதான் போன் கம்பனி வந்தது. பெயரை எழுதமாட்டேன், அவர்களுக்கு நானும் ஓசியில் விளம்பரம் செய்வானேன்? சந்தியில் ஒரு பலகை நட்டார்கள். அதில் போனைக் காதில் வைத்துச் சிரிக்கும் பெண்ணின் ஒரு பல், ஆகிலா வீட்டுக் கதவளவு. நல்ல நிழல் என்று ஆடுகள் மட்டும் மெச்சின. பிறகு கடைச் சுவர்களுக்கு ஓசிப் பெயின்ற். பிறகு படகுகளுக்கு. கரையிலிருந்த அத்தனை படகும் ஒரே வாரத்தில் ஒரே செம்மஞ்சள் ஆயின. பக்கவாட்டில், 'எப்போதும் தொடர்பில்!'*

ஆதம்பாவாவின் படகு பச்சை. அதன் மூக்கில் 'உம்மு' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்று ஏன் இறந்தகாலத்தில்—

"ஓசிப் பெயின்ற், வாணாம் எண்டு சொல்லச் சொல்றியா?" என்றான்.

அன்று ஆகிலா கறிக்கு உப்புப் போட மறந்தாள். அவன் அப்படியே தின்றுவிட்டு எழும்பினான்.

* கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனாலே சிக்னல் இல்லை என்பது மீன்களுக்கும் தெரியும்.

5

கம்பனி முதலில் விடாமல் அடித்தது. எடுத்தால் ஒரு பெண்குரல் தேன் ஒழுக வாழ்த்தும். சனம் இரண்டு நாளில் உசாராகி எடுப்பதை விட்டது. கம்பனியிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? இந்தக் கரையின் பழக்கத்தைக் கவனித்தார்கள். ஒரே அடி, உடனே வெட்டு. அதையே தாங்களும் செய்தார்கள். யாரோ தேடுகிறார்கள் என்று சனம் தானாகவே திருப்பி எடுக்கும்.

அன்று காலை ஆகிலாவின் போன் ஒரு அடி அடித்து நின்றது. அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். கட்டிப்பாலை ஊற்றினாள். வாசலில் வெயில் பூனைபோல வந்து படுத்தது. கறி இறங்கியது. கறியில் ஆடை படர்ந்தது. படலை திறக்கவில்லை.

வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு ஸுல்பிகாவின் தலை வந்தது.

"ராத்தா, உங்கடதும் அடிச்சா? ஊரெல்லாம் ஒரே ரிங்கட்! ஆரோ எண்டு திருப்பி எடுத்தா, ஒரு பொட்டச்சி எனக்குப் பாட்டுப் போட்டுத் தரட்டாம்! பாட்டுக் கேக்கிற வயசா எனக்கு?"

ஆகிலா சிரிக்கவில்லை. முதல்முறையாக அவனுடைய நம்பரை அவளே அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது குரல். அதே தேன்.†

† கூட்டத்தில் நான் கண்ட சிரிப்புக்குக் காரணமான அடியும் கம்பனியுடையதாக இருந்திருக்கலாம். இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் முற்றத்தில் நின்றேன்.

6

இந்த இடத்தில் கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். "கதையில் சுனாமி வருகிறதா?" "வந்து போய்விட்டது." "அப்படியானால் முடிவிலாவது கடல்…" நான் போனை வெட்டினேன். அநாகரிகம்தான்.

முடிவு ஒன்று: கடல் அவனை எடுத்துக்கொண்டது. ஆசிரியருக்குப் பிடிக்கும். நான் எழுதமாட்டேன். இந்தக் கரையில் கடலுக்குக் கொடுத்தது போதும், கதைக்காரனும் கொடுக்க வேண்டியதில்லை.

முடிவு இரண்டு: இயந்திரம் பழுதாகி வேறு கரையில் ஒதுங்கிய ஆதம்பாவா, கம்பனி கொடுக்கும் ஓசிக் குடைக்கு வரிசையில் நிற்கிறான். சிரிக்கலாம். ஆனால் எழுதிப் பார்த்தபோது ஆகிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிழித்துவிட்டேன்.

நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் அனுப்பவில்லை.

7

கடற்கரை. ஐந்து வருசத்துக்குப் பிறகு அவள் கால் மணலில் புதைகிறது. மணல் அவளை மறக்கவில்லை என்பதுபோலச் சுடுகிறது. தூரத்தில், கானலுக்கும் தண்ணீருக்கும் நடுவே, செம்மஞ்சளாக ஒரு படகு மிதந்து வருகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

வலை உதறிக்கொண்டிருந்த றஸாக் காக்காவிடம் கேட்டாள். "காக்கா, அதில எது எங்கட போட்?"

றஸாக் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். "பச்சையா இருந்தா ராவிலயும் சொல்லியிருப்பன் தங்கச்சி. இப்ப எல்லாம் ஒரு நிறம். எப்பிடிச் சொல்ற?"

அவள் கடலை நேராகப் பார்த்தபடி நின்றாள். கடலும் ஏதோ எடுக்கப்படாத அழைப்புப்போல, அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

கையிலிருந்த போன் அடித்தது.

ஒரு அடி முடிந்தால் அது வெட்டுப்பட்டுவிடும். பிறகு அது அவனா கம்பனியா என்று குருட்டுத் திரை சொல்லாது. ஆகிலா மரியாதையை மணலில் போட்டாள். அடி முடிய முன் எடுத்தாள்.

"ஹலோ?"

எடுத்தவுடன் குரல் வராது. உங்களுக்கும் தெரியும், சின்னதாக ஒரு வெறுமை, கிணற்றில் கல் விழும் நேரம். அதற்கு அந்தப் பக்கத்தில் தேன்குரல் வாழ்த்தலாம். அல்லது இயந்திரச் சத்தத்துக்கு மேலால் ஒரு ஆண்குரல் கத்தலாம்: "ஏன் புள்ள எடுத்த? சல்லி போகுதுடி!" இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டிய ஒரே ஏச்சு அது.

அந்த வெறுமையில் நான் நிற்கிறேன். இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. போன் இப்போது உங்கள் காதில் இருக்கிறது.