வெயில் கூடினால் நிற்கும் இயந்திரம்

குத்துக்கல்வலசையில் இசக்கிப்பாண்டியின் வெல்டிங் பட்டறை முற்றத்தில் வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில்தான் இயந்திரம் நின்றுபோயிருந்தது.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் மீனா இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்தது அது. கறுப்புத் தகட்டில் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும். அந்தச் சூட்டில், ஏசியில் ஓடும் கேஸ் மாதிரி ஒரு திரவம் ஆவியாகிச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் பம்பை ஓட்டும். பம்பு கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீராக்கும். வேலை முடிந்த ஆவியை, டிரம்மிலிருந்து ஓடும் தண்ணீர் குளிர்வித்து மறுபடி திரவமாக்கிவிடும்.

முந்தாநாள் குற்றாலத்தில், அருவித் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் வைத்தபோது, மேகம் மறைத்து மறைத்து விட்ட அரை வெயிலிலேயே சொம்பு சொம்பாக ஊற்றியது. இன்று வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பத்து மணிக்கு ஓடியது, பன்னிரண்டுக்குப் படுத்துவிட்டது.

பார்க்க வந்திருந்தவள் கடற்கரை ஊர்க்காரி ரோசம்மாள். ஊர்க் கமிட்டி அவளை நம்பி, கேன்களில் கடல்நீரும் கொடுத்து அனுப்பியிருந்தது. அவள் சரி என்றால் இயந்திரம் அவர்கள் கரைக்குப் போகும். இல்லையென்றால் பழையபடி லாரித் தண்ணீர்தான்.

மீனா தகட்டைத் துடைத்தாள், குழாயைத் தட்டினாள், போல்ட்டை முறுக்கினாள். சூடு எண்பது டிகிரிக்கு மேல் இருந்தது. குற்றாலத்தில் இவ்வளவு இல்லை. கூடுதல் சூட்டில் ஒரு இயந்திரம் ஏன் நிற்க வேண்டும்?

இசக்கிப்பாண்டி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"டீச்சர், பேசாம குத்தாலத்துக்கே தூக்கிட்டுப் போயிருவோம். அங்கன ஓடுதுல்லா. அக்கா பாத்துட்டு சரின்னு சொல்லிட்டுப் போட்டும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மீனா கை கழுவ டிரம்முக்குள் கையை விட்டாள். வெந்நீர். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடியதில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆக, சக்கரத்தைச் சுழற்றியது சூடு மட்டுமல்ல. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவிலுள்ள தூரம். போர்டில் வருஷாவருஷம் அவளே எழுதிப்போடுவதுதான். குற்றாலத்தில் டிரம்முக்குப் பதில் வாய்க்கால் தண்ணீரே சும்மா குளிர்ந்து ஓடியதால் அதை நினைக்கவே தோன்றவில்லை. கரையில் கடல்நீர்தான் குளிர்விக்க வேண்டும்; ரோசம்மாளிடம் திரும்பினாள்.

"அக்கா, ஒங்க கடல் உச்சி நேரத்துல ஜில்லுன்னு இருக்குமா?"

"கரைத் தண்ணியா? வெதுவெதுன்னு கெடக்கும். ஏன் கேக்க?"

மீனா குழாய்த் தண்ணீர் கலந்து டிரம்மை அந்த வெதுவெதுப்புக்கு, முப்பது டிகிரிக்குக் கொண்டுவந்தாள். சக்கரம் முனகிச் சுற்றியது. சவ்விலிருந்து ஒரு சொட்டு, கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. ரோசம்மாள் விரலில் ஏந்தி நக்கிப் பார்த்தாள்.

"உப்பு இல்ல. ஆனா சொட்டுதே தவிர ஊத்தலையே, டீச்சர்."

"குத்தாலத்துல ஊத்திச்சுக்கா. அது அங்கத்த தண்ணியோட குளிர்ச்சி. ஒங்க ஊர்ல குடம் நெறையுமா நெறையாதான்னு எனக்கே வெளங்கல."

இசக்கிப்பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

ரோசம்மாள் இயந்திரத்தை ஒருமுறை சுற்றிவந்தாள். "வெளங்காததுக்கு நான் எப்படிச் சரின்னு சொல்ல? வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. எங்க கரையில கொண்டாந்து வையி. காலையில இல்ல, உச்சி வெயில்ல."

அது சம்மதமா, சோதனையா என்று மீனாவுக்குப் பிடிபடவில்லை. கரையிலிருந்து எவ்வளவு தூரம் போனால் கடல் குளிரும் என்று மட்டும் கேட்டாள். அதை மீன் பிடிக்கப் போகிற தன் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்று ரோசம்மாள் போனை எடுத்தாள்.