இரண்டாவது பாட்டில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பரிசோதனை ரிப்போர்ட்டிலிருந்து கிடைத்தது. நாமக்கல்லில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்துவரும் வேலை எனக்கு. இதுவரை நான் எழுதியதெல்லாம் தேதி, இடம், குழாய் எண். அந்தக் காகிதத்தில் எழுத இடமில்லாத ஒன்று இருந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கொல்லிமலைச் சரிவுகளில் மூடுபனி தவழ்ந்து—’

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள்) ஒரு சிற்றூர். அம்சவேணிக்கு முப்பத்தொரு வயது. இரண்டு வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். குடிக்கிற தண்ணீரில் மருந்து வாடை வருகிறது, குழாயைச் சோதித்துப் பாருங்கள் என்று மனுப் போட்டவர் அவர்தான்.

குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு, பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் தளும்பத் தளும்பப் பிடித்து மூடினேன். (ஆலைகளில் புழங்கும் கரைப்பான்கள் ஆவியாகிப் பறந்துவிடும். பாட்டிலுக்குள் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது.)

“வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க” என்று அம்சவேணி சொம்பை நீட்டினார். வாயருகே கொண்டுபோனதும், நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை, மிக லேசாக.

“இது எந்தத் தண்ணிங்க?”

“அதே கொழாத் தண்ணிதானுங்க. டிரம்முல புடிச்சு வெச்சிருக்கறோம்.”

வீட்டுக்குப் பக்கத்தில், வெயிலில், நீல டிரம். மரத்தில் மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் ராசப்பன் இறங்கி வந்தார். டிரம்மைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

“ரெண்டு வருசத்துக்கு முன்ன கீழ பழைய சாமான் கடையில வாங்கினதுங்க. கொழா பள்ளத்துல இருக்குது. இவ கொடத்தத் தூக்கிட்டு மேடு ஏறறதப் பாக்க முடியலீங்க. இப்ப ஓஸ் பைப்பு போட்டு இதுல உட்டுக்கறோம். புளி போட்டு ஏழு தடவ கழுவினனுங்க.”

நான் இரண்டாவது பாட்டிலை எடுத்தேன்.

3

[இந்த இடத்தில் ராசப்பனை முரடராக எழுதிப் பார்த்தேன். மனைவி பேச்சைக் காதில் வாங்காதவர் என்று வைத்தால் யார்மேல் கோபப்படுவது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். ஆனால் நான் குனிந்து தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை, டிரம்மின் மூடி என் தலையில் இடிக்காமல் அவர் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். எழுதியதை அடித்துவிட்டேன்.]

முடிவு வந்தது. குழாய்த் தண்ணீரில் குறை எதுவும் இல்லை. டிரம் தண்ணீரில் ஆலைக் கரைப்பான் ஒன்று, அனுமதித்த அளவைப்போல ஒன்பது மடங்கு. அந்த டிரம் முன்பு எந்தத் தொழிற்சாலையில் எதை வைத்திருந்ததோ. பிளாஸ்டிக் அதை இழுத்து வைத்துக்கொண்டு, வெயிலில் சூடேறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டிருக்கிறது. கழுவினால் போகிற விஷயமில்லை.

உடனே அம்சவேணிக்குப் போன் செய்தேன். டிரம் தண்ணீரைத் தொட வேண்டாம், நேரில் வருகிறேன் என்றேன்.

4

நான் போனபோது ராசப்பன் தோட்டத்தில் இருந்தார். அம்சவேணி காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“இதனாலதான் ரெண்டும் போச்சுன்னு இதுல போட்டிருக்குதுங்களா?”

“இல்லீங்க. தண்ணியில என்ன இருக்குன்னு மட்டுந்தான் எங்களால சொல்ல முடியும். அதனாலதானான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

“எம்பட ஒடம்புலதான் கோளாறுன்னு இருந்தனுங்க” என்றார். அழவில்லை. காகிதத்தை நான்காக மடித்தார். “அவருகிட்ட கொழாத் தண்ணி நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. டிரம்மு ஓட்டையாப் போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். எனக்குன்னு வாங்கியாந்தது. தெரிஞ்சா தாங்க மாட்டாருங்க.”

அரிவாளை எடுத்துப் போய் டிரம்மின் அடியில் குத்தினார்.

(இங்கேயே முடித்திருக்கலாம். தண்ணீர் மண்ணில் வழிந்தோடுவது கதைக்கு அழகான முடிவு. ஆனால் ராசப்பன் வந்துவிட்டார்.)

ஈர மண்ணைப் பார்த்தவர், “ஓட்டையாயிருச்சா? உடு கண்ணு. நாளைக்கே போயி இன்னொண்ணு வாங்கியாரேன்” என்றார்.

அம்சவேணி என்னைப் பார்த்தார்.

5

முடிவு அ: நான் சொல்லிவிடுகிறேன். அது என் வேலை என்பதால்—

முடிவு ஆ: பழைய டிரம் இனி வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். ஏன் என்று அவர் கேட்காததால்—

இரண்டையும் பாதியில் விட்டேன். நடந்தது வேறு.

ராசப்பன் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். “ஏனுங்க மேடம், அன்னைக்கு ரெண்டு பாட்டில் புடிச்சீங்க. இந்த டிரம்முத் தண்ணிக்கு என்ன வந்துச்சுங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்சவேணி மடித்த காகிதத்தை எடுத்தார்.

“நானே படிச்சுச் சொல்றனுங்க” என்றார் கணவரிடம். “மொதல்ல இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க.”

ராசப்பன் நகர்ந்து உட்கார்ந்தார். அம்சவேணி அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்த ஊரில் இன்னும் நான்கு வீடுகளில் நீல டிரம் இருந்தது. அங்கே போக வேண்டும். ராசப்பன் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிறகும் கேட்கவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து. இப்போது நீங்களும் என்னோடு வெளியே வந்துவிடுங்கள்.