வாட்டம் காணுமோ?

உடுவிலில் வாட்டம் என்ற சொல் பெரும்பாலும் கவலையோடுதான் வரும். நோயாளியின் முகத்தில் வாட்டம், மழை காணாத பயிரில் வாட்டம். புகையிலை வெட்டும் நாளில் மட்டும் அதற்காக எல்லோரும் காத்திருப்பார்கள். வெட்டிப் போட்ட இலை வெயிலில் விறைப்பு விட்டுத் துவளவேண்டும். முந்தி ஏற்றினால் வண்டியிலேயே நடுநரம்பு முறியும். பிந்தினால் வெயில் கருக்கிவிடும். இடையிலுள்ள அந்த நேரத்தைப் பரமலிங்கம்தான் எப்போதும் சொல்வார்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு மாசியில் அவர் கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்து, கால் முறிந்து வீட்டில் கிடந்தார். ஆயிரம் புகையிலைக் கன்றும் மனைவி நாகேஸ்வரியின் பொறுப்பாயின. வெட்டி ஏற்றும் நேரம் தவறினால் அந்த வருடத்து உழைப்பே போய்விடும்.

நடுப்பகலில் கிழக்கே முகில் கட்டியது. வண்டிக்கார இளையதம்பி அவசரப்பட்டார்.

“பிள்ளை, நனைஞ்சால் இலை பழுதாப் போகும். ஏத்துவம்.”

அவள் ஓர் இலையை எடுத்து நரம்பை மணிக்கட்டில் சுற்றினாள். ‘டிக்’ என்று முறிந்தது.

“வாட்டம் காணாது, அண்ணை. இன்னும் கொஞ்சம் வெயில் வேணும்.”

“இலை வாடுதோ இல்லையோ, என்ரை முகம் வாடிப்போச்சு. பரமலிங்கம் நிண்டால் எப்பவோ ஏத்தியிருப்பான்.”

அது சுருக்கென்று தைத்தது. முகிலைப் பார்த்தாள். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? சோற்றுப் பொதியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் பிரித்தார். நாலாக மடித்துக் கட்டிய வாழையிலையில் ஒரு கீறல்கூட இல்லை. காலையில் அதை அடுப்புக்கு மேலே பிடித்தவள் அவளேதான். பச்சையாக மடித்திருந்தால் முதல் மடிப்பிலேயே கிழிந்திருக்கும். சூடு பட்டதும் விறைப்புப் போய், சொன்னபடி மடிந்தது.

“அண்ணை, உந்த இலை ஏன் கிழியேல்லை?”

“நெருப்பிலை வாட்டினபடியால்.”

“அப்ப என்ரை இலையையும் வெயில் வாட்டட்டும். நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ.”

இளையதம்பி சிரித்துவிட்டார். “வாய்க்கு மட்டும் வாட்டமில்லை!”

நாலு துளி விழுந்தது. அவள் அசையவில்லை. முகில் தெற்கே விலக, வெயில் திரும்பவும் எறித்தது. அரை மணித்தியாலம் கழித்து வேலியோரத்து இலையொன்றைச் சுற்றினாள். நிழலில் கிடந்ததுதான் கடைசியாக வாடும். சத்தமே இல்லை.

“இப்ப ஏத்துங்கோ.”

வீட்டில், வண்டியின் அடியிலிருந்து ஓர் இலையை உருவித் தரச் சொன்னார் பரமலிங்கம். மணிக்கட்டில் சுற்றிக் காதருகே பிடித்தார். இன்னொன்றும் கேட்டார். அதுவும் முறியவில்லை.

“ஆர் நேரம் சொன்னது?”

“வேறை ஆர்? உன்ரை மனுசிதான். நான் சொன்னபடி ஏத்தியிருந்தால் பாதி முறிஞ்சிருக்கும்,” என்றார் இளையதம்பி.

பரமலிங்கம் அந்த இலையைக் கீழே வைக்காமல், வந்து போனவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வீட்டுப் படலையில் இளையதம்பியின் வண்டி நின்றது.

“பிள்ளை, பக்கத்துத் தோட்டத்துக் கனகசபாபதியரும் புகையிலை வெட்டிப் போட்டார். வாட்டம் காணுமோ எண்டு நீதான் வந்து பார்த்துச் சொல்லவேணுமாம்.”

நாகேஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“மத்தியானம் வாறன். நான் வருமட்டும் ஒருத்தரும் இலையிலை கை வைக்கப்படாது எண்டு சொல்லுங்கோ.”