சர்மினாவுக்குப் பன்னிரண்டு வயது

இளையபெருமாள் சார் முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். மறுவாரமே எழுத்தாளர் ஆகிவிட்டார். இடையில் எதையாவது படித்து நேரத்தை வீணாக்கவில்லை.

அவர் எழுதியது ஆப்கானிஸ்தானில் ஒரு சிறுமி வளர்ந்து பெரியவளாகும் கதை. பெயர் 'காபூல் கன்னியின் கண்ணீர்க் காவியம்'. இருபத்துமூன்று அத்தியாயங்களையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, நான் வேலை பார்க்கும் கடையின் மேசையில் வைத்தார். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் கடை அது. மனு, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கணினியில் நடக்கும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது நான்.

"எதுக்கு சார் ஆப்கானிஸ்தான்?" என்று கடைக்காரர் செல்லப்பன் அண்ணன் கேட்டார்.

"செஞ்சியப் பத்தி எழுதினா செஞ்சிக்காரனே வாங்க மாட்டான்யா. வெளிநாடுன்னா ஒரு மரியாதை இருக்குது."

"நேர்ல போய்ட்டு வந்தீங்களா?"

"எதுக்கு? மலை, கோட்டை, குதிரை, சண்டை. இங்க இல்லாதது இன்னா இருக்குது அங்க?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் பேர் இன்னா பாப்பா?"

"மோனிகா சார்."

"எந்த ஊரு?"

"சிங்கவரம்."

"சிங்கவரத்துல எந்தப் பக்கம்?"

தெருவைச் சொன்னேன். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆப்கானிஸ்தானில் எந்த மக்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று இதில் பாதி அக்கறையோடு விசாரித்திருந்தால் நாவல் தப்பித்திருக்கும்.

"எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"பத்தாவது."

"போதும். கண்ணு பாக்கணும், கை அடிக்கணும். நடுவுல மூளைக்கு வேலை குடுக்காதே."

மூளைக்கு வேலை கொடுக்காமல் அந்த நாவலை அடிப்பது உண்மையிலேயே சுலபமாக இருந்தது. காபூல் நகரம் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் அடுக்கிய மூன்று மலைகளுக்கு நடுவில் இருந்தது. சார் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்தில் வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டே காபூலைப் பார்த்திருக்கிறார். அந்த வேர்க்கடலையும் நாவலுக்குள் வந்துவிட்டது. அதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். காபூலிலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதும், ரஷ்ய டாங்கி ஒன்று மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது என்பதும் நாவலில் இருந்துதான் எனக்குத் தெரியும். ஆண்கள் பதினேழு பேர் வருகிறார்கள். பதினேழு பேரும் கான்.

கதாநாயகி சர்மினா. 1979 டிசம்பரில் ரஷ்யப் படை காபூலுக்குள் வருகிறது. சர்மினாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது வருடம் கழித்து அந்தப் படை திரும்பிப் போகிறது. சர்மினா மாடியில் நின்று பார்க்கிறாள். பன்னிரண்டு வயது. அதன்பிறகு உள்ளூர்த் தளபதிகள் ஒருவரையொருவர் சுட்டு நகரத்தை இடிக்கிறார்கள். பன்னிரண்டு. 1996இல் தாலிபான்கள் வந்து பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறார்கள். பூட்டின் முன் நிற்கும் சர்மினாவுக்கும் பன்னிரண்டு. ஒன்பதாம் அத்தியாயத்தில் மட்டும் அவள் வயதுக்கு வந்துவிடுகிறாள். தாய்மாமன் கரீம் கான் மேளதாளத்தோடு பதினொரு சீர்வரிசைத் தட்டு கொண்டுவந்து, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார். பத்தாம் அத்தியாயத்தில் மறுபடியும் பன்னிரண்டு.

வாயைத் திறக்க எனக்கு நான்கு நாள் ஆனது. "சார், எழுபத்தொம்பதுல பன்னெண்டுன்னா தொண்ணூத்தாறுல இருபத்தொம்பது ஆவுதே."

"ஆவட்டும்."

"இல்ல சார், இதுல பன்னெண்டுன்னே இருக்குது."

"இருபத்தொம்பது வயசுப் பொம்பள அழுதா எவன் பாப்பா படிப்பான்? பன்னெண்டுதான் கரெக்ட். ரெண்டு சொட்டுக் கண்ணீர் கியாரண்டி."

செல்லப்பன் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வாடிக்கையாளரிடம் கணக்குப் பேசக்கூடாது என்று அர்த்தம். நானும் அடங்கிவிட்டேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு முக்கியம்.

பத்தாவது முடித்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. "ஒரு வருஷம் வூட்ல இரு, அப்புறம் பள்ளிக்கூடம் போலாம்" என்று நைனா சொன்னார். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. நைனாவின் அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் தரகர் ஒருவர் அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். முப்பத்தாறு வயது, சொந்த டிராக்டர். டிராக்டருக்கு எத்தனை வயது என்று யாரும் சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் இரண்டு நாள் படுத்ததில் நைனா ஒரு வழிக்கு வந்தார். "வேலைன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன். வேலை போச்சுன்னா நீயும் பேசக் கூடாது." அப்படித்தான் நான் இந்தக் கணினிக்கு வந்தேன். இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்து டிராக்டர்தான்.

ஆகவே மல்லாட்டையை அடித்தேன். சீர்வரிசையை அடித்தேன். இருபத்திரண்டு அத்தியாயம் மூளையைத் தொந்தரவு செய்யாமல் அடித்தேன். இருபத்துமூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில், பள்ளிக்கூடம் பூட்டியதும் சர்மினா தன் புத்தகங்களைத் தானே அடுப்பில் போட்டு ரொட்டி சுடுகிறாள். பிறகு நாற்பத்தைந்து வயதுத் தளபதி குலாப் கானுக்கு நான்காவது மனைவியாகச் சிரித்த முகத்தோடு போகிறாள். "அன்றுதான் அவள் பெண்மையின் பக்குவத்தை அடைந்தாள். முற்றும்" என்று சார் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நான் இணையத்தில் காபூலைப் பற்றிப் படித்திருந்தேன். அங்கே மல்லாட்டையைவிட மாதுளைக்குப் பேர் அதிகம். பனி முழங்கால்வரை பெய்யும். பள்ளிகளைப் பூட்டிய அந்தக் காலத்தில் சில வீடுகளில், தையல் வகுப்பு என்று சொல்லி, பெண்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். இப்போதும் அங்கே பெண்களுக்கு ஆறாம் வகுப்போடு சரி. இதெல்லாம் ஒரு விரல் சொடுக்கில் கிடைக்கிற விஷயம். சாருடைய விரலுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

செல்லப்பன் அண்ணன் சாப்பிடப் போன இரண்டு மதியங்களில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு நான்கு பக்கம் புதிதாக அடித்தேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 'சிரித்த முகத்தோடு' என்ற இரண்டு வார்த்தையை அடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சார் மெய்ப்பு பார்க்க வருவார், கண்டுபிடிப்பார், என்னைத் துரத்துவார் என்று காத்திருந்தேன். வந்தார். நூற்றுத்தொண்ணூறு பக்கக் கட்டை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தார். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பெரிய அதிகாரியாக வேண்டும் என்பது அவருடைய முப்பத்திரண்டு வருட ஆசை. அரசாங்கம் தரவில்லை. ஓய்வுக்குப் பிறகு தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இ.பெ.' என்று போட்டார், தேதி போட்டார், எச்சில் தொட்டுத் திருப்பினார். அலுவலகக் கோப்புகளை எப்படிப் பார்த்தாரோ அப்படியே நாவலையும் பார்த்தார். நூற்றுத்தொண்ணூறு பக்கத்தையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

"பிரமாதம்" என்றார். "அச்சுக்கு அனுப்பு."

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. புத்தகக் கட்டுகளை எடுத்துவர என்னை அனுப்பியிருந்தார்கள். வாசல் பக்கம் மேசை போட்டு நின்றிருந்தேன். முதலில் ஒரு ரைஸ்மில் முதலாளி பேசினார். தாள் நல்ல கனமாக இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்து வந்த வக்கீல் அரை மணி நேரம் செஞ்சிக் கோட்டையின் வீரத்தைப் பேசிவிட்டு, "அதே வீரம்தான் இந்தப் புத்தகத்திலும்" என்று முடித்தார். இரண்டு பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். புத்தகத்தைத் திறந்து பார்க்கிற கெட்ட பழக்கம் யாருக்கும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசியாகப் பேராசிரியை சாமுண்டீஸ்வரி வந்தார். "திண்டிவனத்துலேருந்து வர்ற வழியில பஸ் பஞ்சர்" என்று ஆரம்பித்தார். "ஒரு மணி நேரம் ரோட்டோரம் உக்காந்து இருந்தேன். வேற வழியில்லாம இந்தப் புத்தகத்தப் படிச்சிட்டேன்."

என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"முதல் இருபத்திரண்டு அத்தியாயங்களைப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பல" என்றார். பாராட்டு என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது. "ஆனா கடைசி அத்தியாயம் இருக்கே, அதை எழுதின கையும் மத்ததை எழுதின கையும் ஒண்ணுதானான்னு ஆச்சரியமா இருக்கு. அதுல ஒரு பக்கத்தை ஐயாவே நமக்கு வாசிச்சுக் காட்டணும்."

சார் எழுந்தார். மைக்கைச் சரிசெய்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தார்.

"சர்மினாவுக்குப் பதின்..."

நின்றார். புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தார். அட்டையில் அவருடைய போட்டோதான் இருந்தது. மறுபடி திறந்தார்.

"சர்மினாவுக்குப் பதின்மூன்று வயது ஆயிற்று. தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊசியும் நூலும் துணியும் மேலே தெரிய, கணக்குப் புத்தகம் அடியில் இருக்க, பையை எடுத்துக்கொண்டு பனியில் நடந்தாள். சோதனைச் சாவடியில் நின்றவன் பையை வாங்கித் திறந்தான். 'என்ன தைக்கிறாய்?' என்றான். 'எனக்கு ஒரு சட்டை. போன வருடத்துச் சட்டை பத்தவில்லை' என்றாள். அவன் துணியைக் கையில் எடுத்தான்."

"ஐயய்யோ, பொஸ்தகம் மாட்டிக்கப் போவுது!" என்று மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கத்தினார்.

"சும்மா இரும்மா, அவரு படிக்கட்டும்" என்றது இன்னொரு குரல்.

சார் படித்தார். வேறு என்ன செய்ய முடியும்? பக்கத்தைத் திருப்பும்போது தலையைத் தூக்கி மண்டபத்தைத் துழாவினார். வாசல் மேசைக்கு வந்ததும் பார்வை நின்றது. நான் புத்தகங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன். டிராக்டர் சத்தம் காதிலேயே கேட்டது.

கைதட்டல் அடங்க நேரமானது. "ரெண்டாம் பாகம் வருமா ஐயா?" என்று பேராசிரியை கேட்டார்.

"பரிசீலனையில் உள்ளது" என்றார் சார்.

மறுநாள் காலை கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"சார், வாங்க!" என்று செல்லப்பன் அண்ணன் நாற்காலியைத் துடைத்தார். "கடைசி அத்தியாயத்துக்கு எங்க வூட்ல அழுதுட்டாங்க சார். நீங்க இப்டி எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

சார் உட்காரவில்லை. "அச்சுக்குப் போன மெய்ப்புக் கட்டு இருக்குதா?"

"மோனிகா, எடு."

எடுத்துக் கொடுத்தேன். நூற்றெண்பத்தேழாம் பக்கம். அடியில் பச்சை மையில் இ.பெ., தேதி. நூற்றெண்பத்தெட்டு. இ.பெ. மிச்ச இரண்டும் அப்படியே. கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

"ஏதாச்சும் தப்பு நடந்திருக்குதா சார்?" செல்லப்பன் அண்ணனின் குரல் மாறியது. "சொல்லுங்க. இந்தப் பொண்ணு ஏதாச்சும் பண்ணியிருந்தா இப்பவே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்."

சார் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: செஞ்சியே கைதட்டிய நான்கு பக்கம் தன்னுடையது இல்லை, மிச்சம் நூற்றெண்பத்தாறு மட்டும்தான் தன்னுடையது. அவர் அந்தப் பச்சைக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்வீஸில் எந்தக் காகிதத்தையும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"தப்பா? யாரு சொன்னது?" என்றார் கடைசியில். "பொண்ணு நல்லாத்தான் அடிச்சிருக்குது. இந்தப் பொண்ண எங்கயும் அனுப்பிடாதே செல்லப்பா. வேற கடைக்குப் போய் வேற ஆளுங்ககிட்ட... அதாவது, ரெண்டாம் பாகமும் இதான் அடிக்கணும்."

"அதுக்கென்ன சார், இங்கதான் இருக்கும்" என்று செல்லப்பன் அண்ணன் சந்தோஷமாக டீ சொல்லப் போனார்.

சார் என் மேசைக்கு அருகில் குனிந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த சாவடிக்காரன் துணியோட நிறுத்திக்கிட்டான். பைய மொத்தமா கொட்டியிருந்தான்னா?"

"மாட்டியிருப்பா சார்."

"அடுத்த வாட்டி கொட்டுவானா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நீங்கதானே எழுதினது."

அவர் நிமிர்ந்தார். "ஊமைப் பொண்ணுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, டீ வரும்வரை வாயே திறக்கவில்லை.

அன்று சாயந்திரம் நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தரகர் இரண்டு முறை போன் செய்துவிட்டாராம்.

"வேலை இருக்குதா, போச்சா?" என்றார்.

"இருக்குது நைனா. ரெண்டாம் பாகம் அடிக்கணும்."

"இன்னும் எவ்ளோ நாள் ஆவும்?"

"அந்தப் பொண்ணுக்கு இப்பதான் பதிமூணு ஆச்சு. இருபத்தொம்பது வரைக்கும் கொண்டு போவணும்."

நைனா விரலால் எண்ணிப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டுப் போனை எடுத்தார். நான் பாத்திரம் துலக்க உட்கார்ந்தேன். அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஆமாங்க, பெரியதம்பிதான் பேசறேன். இல்லீங்க, இந்தத் தையில தோது படாது. பொண்ணுக்கு வேலை இருக்குது. ஆப்கானிஸ்தான் வேலை. அய்ய, அனுப்பலீங்க, இங்கதான் பாத்திரம் துலக்கிக்கினு இருக்குது. எப்ப முடியுமா? அதாங்க, அது எப்ப முடியும்னு அங்க இருக்கறவங்களுக்கே தெரியலயாம்."