யாருக்கு வேலை

என் மனைவி வெல்டர். இதைச் சொன்னதும் சிலர் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நான் முடி வெட்டுகிறவன். தங்கள் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, கையில் சவரக்கத்தியோடு நிற்கிறவனிடம் யாரும் ரொம்ப நேரம் சிரிப்பதில்லை.

அவள் செய்வது ஆர்கான் வெல்டிங். பால் தொழிற்சாலைகளில் பளபளவென்று பைப்புகள் ஓடுமே, அவற்றை ஒட்டும் வேலை. ஒட்டிய இடத்தில் ஊசிமுனை அளவு பள்ளம் இருந்தாலும் பால் அங்கே தங்கிக் கெட்டுப்போகும். அவள் ஒட்டிய பைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். இணைப்பு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாது. கூட வேலை பார்க்கும் ஆண்களே சிக்கலான வேலை வந்தால், "அந்தம்மா வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கடல் தாண்டி ஒரு கம்பெனி அவளைக் கேட்டது. வீடியோவில் ஒட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒட்டிய துண்டுகளை வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்கு நெஞ்சு வலி வந்தபோதுகூட இத்தனை எக்ஸ்ரே எடுக்கவில்லை. கடைசியில், "எங்கள் நாட்டில் தேடிப் பார்த்தோம், இப்படி ஒரு கை கிடைக்கவில்லை, இவர்தான் வேண்டும், இவருக்கு நாங்கள் பொறுப்பு" என்று அவர்கள் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கவும் தயாரானார்கள். அதற்குப் பெயர் ஸ்பான்சர். அவள் சம்மதம் எழுதி அனுப்புவதுதான் பாக்கி. அவளுக்கு வேலை விசா. எனக்கும் உண்டு, கூடப் போகிறவன் என்ற கணக்கில். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிபென்டன்ட், அதாவது இன்னொருவரை நம்பி இருப்பவர்.

அந்த ஒரு வார்த்தை என் அண்ணனுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அண்ணனுக்கு என் கடைக்கு எதிரிலேயே டைல்ஸ் கடை.

"டிபென்டன்ட்னா என்னடா அர்த்தம்? அவ சம்பாதிப்பா, நீ உக்காந்து சாப்பிடுவ. பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் ஃபிளைட் ஏறுவானா?"

"முடி எல்லா நாட்டுலயும்தான் வளருது அண்ணே. அங்க போயும் வெட்டுவேன்" என்றேன்.

அதோடு விட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கடை திறக்க வந்தால், கண்ணாடிக் கதவில் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. மேலே விமானப் படம். கீழே பெரிய எழுத்தில், "வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதால் இம்மாதக் கடைசியோடு கடை மூடப்படுகிறது. ஆதரவுக்கு நன்றி." எதிரில் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவர் போல டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அட்டையில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை, அதுதான் அண்ணனின் சாமர்த்தியம். வேலை கிடைத்தது உண்மை, கடை மூடுவது உண்மை. யாருக்கு வேலை என்பதை மட்டும் காணோம். அந்த ஒரு சொல்லை விட்டால் போதும், ஊரே சேர்ந்து அங்கே ஆம்பளையை உட்கார வைத்துவிடும்.

வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு" என்றால் கண்ணடித்து, "இந்தத் தன்னடக்கம்தான்பா உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கு" என்றார்கள். கிழித்துப் போட்டிருக்கலாம்தான். கூடப் பிறந்தவர் ஆசையாக ஒட்டியதாயிற்றே என்று சும்மா இருந்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்து அவள் நேராகக் கடைக்கு வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே வாடிக்கையாக வரும் மீசைக்காரர் ஒருவருக்குக் கறுப்பு டை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையில் முடி கிடையாது, இருக்கும் கௌரவம் முழுக்க மீசையில்தான். வலது பக்கம் கறுத்திருந்தது, இடது பக்கம் இன்னும் வெள்ளை.

"வாம்மா" என்றார் அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே. "உனக்கென்ன, வீட்டுக்காரருக்கு ஃபாரின் வேலை. இனிமே இந்த நெருப்புல வேகுற பொழைப்பெல்லாம் விட்டுட்டு ராணி மாதிரி வீட்டுல இருக்கலாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, இன்னிக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிடவா?"

"என்னது?"

"வாசல்ல இருக்கிறதைப் படிச்சேன். இங்க நம்ம ஆளுங்க முன்னாடியே சொல்ல முடியலைன்னா, அங்க போய் நீங்க உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருப்பீங்க. உங்களை அப்படிப் பார்த்துக்கிட்டு என்னால ஒரு பைப்பும் ஒட்ட முடியாது. எனக்கு அந்த வேலையே வேணாங்க."

கோபத்தில் அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். நிதானமாகச் சொன்னாள். சட்டைக் கையில் தீப்பொறி பட்ட ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அத்தனை எக்ஸ்ரேயில் தேறி வந்தவள், நான் அண்ணனுக்குப் பார்த்த முகதாட்சண்யத்தில் தோற்றுப் போகப் பார்க்கிறாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

கையில் டை பிரஷ் இருந்தது. கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். விமானத்துக்கும் முதல் வரிக்கும் நடுவில் இருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தேன்.

அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். "டேய்! என்னடா பண்ற?"

"வார்த்தை ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணே. எழுதறேன்."

"அப்புறம் நீ யாருன்னு கேப்பாங்கடா! டிபென்டன்ட்டுன்னு நீயே போர்டு எழுதி மாட்டிக்கிறியா?"

"ஆமா" என்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். "இவளை நம்பித்தான் போறேன். இந்தக் கையை நம்பாம வேற எந்தக் கையை நம்புறது?"

எழுதி முடித்து நகர்ந்து நின்றேன். "என் மனைவிக்கு." எழுத்துகள் வழிந்து விமானத்தின் வாலில்கூட கறை பட்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்து, இணைப்பைச் சோதிப்பவள் போல அதைப் பார்த்தாள்.

"'க்'குக்குப் புள்ளி வைக்கலை" என்றாள்.

வைத்தேன்.

கழுத்துத் துணியோடு மீசைக்காரர் வெளியே வந்தார். பாதி கறுப்பு, பாதி வெள்ளை மீசையோடு அட்டையை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைத் தாண்டி அவளிடம் போனார்.

"அப்ப வேலை உனக்காம்மா? அது தெரியாம என்னென்னவோ பேசிட்டேன். ரொம்ப சந்தோஷம்மா. வாழ்த்துகள்."

நாள் முழுக்க என் கையிலேயே வந்து விழுந்துகொண்டிருந்த வாழ்த்து அப்போதுதான் உரியவளிடம் போய்ச் சேர்ந்தது. அவள் அவரைக் கும்பிட்டாள். சேலைத் தலைப்பெல்லாம் கிடையாது, எண்ணெய்க் கறை படிந்த சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "வருகிறேன்" என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பினாள். அண்ணன் எட்டிப் பார்த்து, "போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏம்பா டிபென்டன்ட்" என்று மீசைக்காரர் குரல் கொடுத்தார். "மீதி மீசை என்ன ஆச்சு?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணனுக்கும் உதடு கோணியது. அந்தப் பெயர் எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. கடை மூடும் நாள் வரைக்கும் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரும்பினேன்.