ஆள் தேடிப் போன ஆமைகள்

கெமுந்திங் தீவில் முட்டையிட வேண்டிய ஆமை ஒன்று, ராட்டர்டாம் நகரத்தில் நான்காவது மாடிக் குளியலறை வரை போய்விட்டது. அன்றைக்கு லிஃப்ட் பழுது, படியேறித்தான் போயிருக்கிறது. அடுத்தது ஒசாகாவில் ஒரு பல் வைத்தியரின் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் தீவில் யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

தவறு ஜூசோவுடையது. அவருடைய அப்பா அந்தக் கரையைக் குத்தகைக்கு எடுத்து, ஆமை முட்டையைக் கோலா திரெங்கானு சந்தையில் விற்றுப் பிழைத்தவர். விற்பனைக்குத் தடை வந்ததும், முட்டைக்குழியை மோப்பம் பிடிக்கத் தெரிந்த மகனையே அரசாங்கம் காவலுக்குப் போட்டது. அப்பா விற்றுத் தின்ற பாவம் தன்னோடு தீரட்டும் என்று ஜூசோவும் ஒப்புக்கொண்டார். ஆமையைக் காப்பாற்ற வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்தார்கள். சொந்தக் காசு கட்டி, கக்கூஸ் கழுவி, கொசுக்கடி வாங்கி, வாழ்க்கையே மாறிவிட்டது என்று அழுதுவிட்டுப் போனார்கள்.

ஜூசோ இளகிய மனசுக்காரர். குஞ்சுகள் மணலில் தட்டுத்தடுமாறிக் கடலுக்கு நடப்பதை அவரால் பார்க்க முடியாது. நண்டு இழுக்கும், பருந்து கொத்தும். "நடக்க விடாதீங்க, பாவம். ஆளுக்கொண்ணா உள்ளங்கையில எடுத்துட்டுப் போய்த் தண்ணியில விடுங்க" என்றார். போட்டோவும் நன்றாக விழுந்தது. பிறந்த மணலில் நடந்து போகும் குஞ்சுதான் வளர்ந்து அதே மணலுக்குத் திரும்பும். இவை மணலை மிதிக்கவே இல்லை, கையைத்தான் மிதித்தன.

ஒரு தலைமுறை கழிந்தது. ஜூசோவுக்குப் பல் போயிற்று, கரைக்கு ஆமை வருவதும் நின்றுபோயிற்று. இந்தப் பருவமும் ஒரு முட்டைக்குழிகூட இல்லையென்றால் கரையை ஓட்டல்காரனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அதிகாரி வந்து சொன்னார். "ஆமை இல்லாத கரைக்குக் காவல் எதுக்கு, மாமா? தேங்காய்க்கா?"

அப்போதுதான் ராட்டர்டாமிலிருந்து வில்மா கூப்பிட்டாள். பழைய தன்னார்வலர்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? என் குளியலறையில ஒரு ஆமை இருக்கு. தோண்டித் தோண்டிப் பாக்குது. மண் ஏது இங்க, எல்லாம் டைல்ஸு. அது மூஞ்சியப் பாக்கவே முடியல."

ஜூசோவின் மனைவி கல்சோம் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "தூக்கித் தூக்கிக் கொடுத்தீங்கல்ல? இப்ப தாய்வீடு தெரியாம அலையுதுங்க."

"என்னடி செய்யறது?"

"ஆமையக் கூப்பிட்டா வராது. ஆளக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். தொந்தியும் முழங்கால் வலியுமாகப் பழைய தன்னார்வலர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இருட்டில் அவர்களைக் கரை நெடுக மல்லாக்கப் படுக்க வைத்தார். ஆமைகள் பின்னாலேயே கடலிலிருந்து ஏறி வந்து, அதது தன் ஆளுக்குப் பக்கத்தில் குழி தோண்டி முட்டையிட்டது. வில்மா குறட்டை விட்டாள், அவளுடைய ஆமை பொருட்படுத்தவில்லை. மறுநாளே தீவுப் பிள்ளைகள் இந்த வெளிநாட்டுக்காரர்களைக் காப்பதற்கென்று தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். சுற்றி வலை கட்டினார்கள். அருகே போகாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், தீனி போடாதீர்கள் என்று பலகை நட்டார்கள். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, ஓட்டல்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

குஞ்சு பொரிக்கும் வரை யாரும் ஊருக்குப் போகவில்லை. ஒரு விடியற்காலையில் மணல் அசைந்தது. "எல்லாரும் கையப் பின்னால கட்டிக்குங்க!" என்று ஜூசோ கத்தினார். பிறகு கல்சோமிடம் போய், "என் கைய உன் முக்காட்டுத் துணியால கட்டிவிடு. என்னை நம்ப முடியாது" என்றார். அவள் இறுக்கிக் கட்டினாள். அவர் காலடியிலேயே ஒரு நண்டு ஒரு குஞ்சை இழுத்துக்கொண்டு போனது. ஜூசோ வாய்விட்டு அழுதார். யாரும் நகரவில்லை. மிச்சக் குஞ்சுகள் தாமாகவே நடந்து, அலை வந்ததும் போய்விட்டன.

இப்போதும் அந்தத் தீவில் குஞ்சு பொரிக்கும் நாட்களில் ஜூசோவின் கையைக் கட்டிவைக்கிறார்கள். அவர் அழுது முடித்ததும் அவிழ்த்துவிட்டுக் காபி கொடுக்கிறார்கள்.