சந்துப் பக்கத்து ஜன்னல்

மனைவி இறந்தபின் ஏசி மெக்கானிக் தன் வீட்டு ஏசியை நிறுத்திவிட்டார். வருஷா வருஷம் வெயில் ஏறுவதில் அதற்கும் பங்குண்டு. ஒண்டிக்கட்டைக்கு எதற்கு அது? சூடு இறங்காமலிருக்க மொட்டைமாடிக்கு வெள்ளையடித்துவிட்டு, சந்துப் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். காற்றோடு யார் பேச்சாவது காதில் விழாதா என்ற நப்பாசை. முகத்தில் அனல்தான் அடித்தது. எதிர்ச்சுவர் நெடுக அவர் கையால் மாட்டிய ஏசிப் பெட்டிகள் சூட்டை இந்தப் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டுப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தாள். அவர் கையசைத்ததும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள்.

"என்னண்ணே, உங்க ஏசியே ரிப்பேரா?"

"இல்லம்மா. சும்மா, பேச்சுக்குரல் கேக்கலாமேன்னு..."

"அப்புறம் பேசுறேண்ணே. குளிர் போயிடும், ஜன்னல மட்டும் தொறக்காதீங்கன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க," என்று சாத்திக்கொண்டாள்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.